குளத்தில் மேய்கிற மீன்

டெக்சஸ் மாநிலத்தில் சொந்தமாக ஏரி வைத்திருப்பவர் அதில் புல் கெண்டை விட நினைத்தால், மாநிலத்தின் பூங்கா, வனவிலங்குத் துறையிடம் முதலில் அனுமதி வாங்க வேண்டும். பண்ணையிலிருந்து வரும் மீன்கள் மலட்டு மீன்களாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் அந்த ஏரியில் புல் கெண்டையின் எண்ணிக்கை ஒருநாளும் கூடாது. நூறு விட்டால் நூறுதான். கொக்கும் நீர்நாயும் வெள்ளமும் கொண்டுபோனது போக மிச்சம். ஏரியில் இருக்கும் வேறெந்த மீனைப் பற்றியும் உரிமையாளர் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது. இத்தனை தெரிந்திருந்தும், சில ஆண்டுகள் கழித்து அவற்றில் பாதியை வெளியே எடுக்க வேண்டிய நிலை வரும்போது பலரால் ஐந்தைக்கூடப் பிடிக்க முடிவதில்லை. நீளம் ஒரு மீட்டர், எடை 15 கிலோ, வெயில் நேரத்தில் மேற்பரப்பிலேயே முதுகு தெரிய நீந்தும் மீன். கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு வருவதில்லை.

இந்த மீன் ஏன் பிடிபடுவதில்லை என்ற கேள்விக்கும், அதை ஏன் ஏரியில் விட்டார்கள் என்ற கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அதன் வாயில்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஏரி வைத்திருப்பவர்களின் பெரிய தலைவலி ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி. நம் ஊர்க் குளங்களில் சாதாரணமாக வளரும் பாசிதான் இது. 1950-களின் தொடக்கத்தில் மீன்தொட்டி அலங்காரத்துக்காக இலங்கையிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு இறக்குமதியானது. வளர்ப்புக் கால்வாயிலிருந்து வெளியேறியது. 1960 வாக்கில் பொது நீர்நிலைகளில் கண்டறியப்பட்டது. பிற்காலத்து மரபணு ஒப்பீடுகள் இந்த வகையைத் தென்னிந்தியச் செடிகளோடு நெருக்கமாகக் காட்டின. ஒரு கணு உடைந்து மிதந்தால் போதும், புதுச் செடி. சேற்றுக்குள் சிறு கிழங்குகள் வேறு. வெட்டினால் பரவும், மருந்தடித்தால் பணம் கரையும். அப்போதுதான் எல்லோர் பார்வையும் புல் கெண்டை பக்கம் திரும்பியது.

புல் கெண்டையின் தாயகம் கிழக்காசியா. வடக்கே அமூர் ஆறு தொடங்கித் தெற்கே வியட்நாம் வரையிலான பெரிய ஆறுகள். சீனர்கள் பல நூற்றாண்டுகளாகப் புல் வெட்டிப்போட்டு வளர்க்கும் மீன் இது. இன்று உலகிலேயே அதிக எடையில் பண்ணைகளில் வளர்க்கப்படும் மீனும் இதுவே, ஆண்டுக்கு 50 லட்சம் டன்னுக்கும் மேல். 1963-இல் அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகமும் ஆர்கன்சாவின் ஸ்டுட்கார்ட் நகரிலிருந்த மீன்பண்ணை ஆய்வு நிலையமும் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தன. இந்தியா அவர்களை முந்திக்கொண்டது. 1959-இலேயே ஹாங்காங்கிலிருந்து கட்டாக்குக்குக் குஞ்சுகள் வந்துவிட்டன. 1962-இல் ஹார்மோன் ஊசி போட்டு அங்கேயே முட்டையிட வைத்தார்கள். நம் பண்ணைக் குட்டைகளில் கட்லா, ரோகு, மிர்கால், வெள்ளிக் கெண்டை, சாதாக் கெண்டை ஆகியவற்றோடு புல் கெண்டையும் சேர்ந்து வளர்வது அங்கிருந்து வந்த வழக்கம்.

அமெரிக்கர்களுக்கு ஒரு பயம் இருந்தது. இந்த மீன் தப்பித்து ஆறுகளில் பெருகினால்? புல் கெண்டையின் முட்டை தேங்கிய நீரில் பிழைக்காது. பொரியும்வரை ஓடும் நீரில் மிதந்து செல்ல வேண்டும், அடியில் தங்கினால் சேறு மூடிச் செத்துவிடும். ஏரிக்குள் அது பெருகாது என்பதற்கு இதுவே போதிய காரணம். ஆனால் மறுகால் வழியாக ஆற்றுக்குப் போய்விட்டால் இந்தப் பாதுகாப்பு இல்லை. 1980-களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி கிடைத்தது. கருவுற்ற சில நிமிடங்களில் முட்டைகளை உருளைக்குள் அடைத்துச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 8,000 பவுண்டு அழுத்தம் கொடுத்தால், முட்டை வெளியேற்ற வேண்டிய ஒரு குரோமோசோம் தொகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. வழக்கமான 48-க்குப் பதில் 72 குரோமோசோம்கள். மூன்று தொகுதிகளைச் சமமாகப் பிரிக்க முடியாததால் மீன் மலடாகிறது. வளர்ச்சிக்கும் பசிக்கும் குறைவில்லை. கூடுதல் குரோமோசோம்களால் இரத்தச் சிவப்பணுவின் கரு பெரிதாக இருக்கும் என்பதால், ஒரு துளி இரத்தத்தைக் கருவியில் செலுத்தினாலே தெரிந்துவிடும். மத்திய மீன், வனவிலங்குச் சேவைத் துறை 1985 முதல் இந்தச் சோதனைக்குச் சான்று வழங்குகிறது.

இனி வாய்க்கு வருவோம். புல் கெண்டையின் தாடையில் ஒரு பல்கூடக் கிடையாது. பற்கள் தொண்டையில் இருக்கின்றன. செவுளுக்குப் பின்னால், இருபுறமும் இரண்டு வரிசை, ஓரம் சீப்பின் பல்லாக வெட்டுப்பட்டவை. உதட்டால் செடியைப் பற்றி இழுக்கும், உறிஞ்சி உள்ளே தள்ளும். தொண்டைப் பற்கள் மேலிருக்கும் கடினமான திண்டில் வைத்து அரைக்கும். வயிறு என்ற உறுப்பே இல்லை, தொண்டை முடிந்தால் குடல். அந்தக் குடலும் உடல் நீளத்தின் இரண்டு, மூன்று மடங்குதான். செடி தின்று பிழைக்கும் மீனுக்கு இது குட்டை. மாட்டுக்கு அசைபோட நேரமும் நார்ச்சத்தைப் புளிக்கவைக்க இரைப்பையும் இருக்கின்றன; புல் கெண்டைக்கு இரண்டும் இல்லை. பற்களால் கிழிபட்ட செல்களின் சாற்றை எடுத்துக்கொண்டு மீதியை வெளியே தள்ளிவிடுகிறது. தின்றதில் பாதி அளவே அதற்குப் பயன்படுகிறது. ஆகவே நிறையத் தின்றாக வேண்டும். வெதுவெதுப்பான நீரில் இளம் மீன் ஒரு நாளில் தன் எடைக்கு இணையாகவே செடியைத் தின்னும்.

இந்தப் பசி என்ன செய்யும் என்பதற்கு ஹூஸ்டனுக்கு வடக்கே உள்ள கான்ரோ ஏரி சாட்சி. சுமார் 8,100 ஹெக்டேர் பரப்பு. 1981-82-இல் இதில் 2,70,000 புல் கெண்டைகளை விட்டார்கள். 1983-க்குள் ஹைட்ரில்லா இல்லாமல் போனது. அதோடு நிற்கவில்லை, மற்ற நீர்ச்செடிகளும் போயின. செடி பிடித்து வைத்திருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் மீன் கழிவாக நீரில் கரைந்தன. நுண்பாசி பெருகியது, நீர் கலங்கியது. செடிப் புதரில் ஒளிந்து வளரும் சிறு மீன்கள் குறைந்தன. செடி நிறைந்த தெளிந்த ஏரி, செடியற்ற பச்சை ஏரி என ஆழமில்லாத நீர்நிலைகளுக்கு இரண்டு நிலைகள் உண்டு. இரண்டும் தம்மைத் தாமே தக்கவைத்துக்கொள்ளக் கூடியவை. புல் கெண்டை அதிகமானால் ஏரியை முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்குத் தள்ளிவிடுகிறது. திரும்பி வருவது கடினம்.

தனியார் ஏரிகளில் நடப்பது இதே கதைதான், அளவில் சிறியது. ஏக்கருக்கு ஐந்து முதல் பத்து மீன் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவசரப்பட்டுக் கூடுதலாக விட்டவர்கள், ஏரியில் ஒரு இலைகூட மிஞ்சாத நிலையில் மீனைப் பிடிக்க வழி தேடுகிறார்கள். அளவாக விட்டவர்களுக்கும் ஐந்தாறு ஆண்டுகளில் அதே வேலை வருகிறது. வளர்ச்சி குறைந்த கிழட்டு மீன் முன்புபோலத் தின்பதில்லை, ஆனால் இன்னும் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். அதை எடுக்காமல் புதுக்குஞ்சு விட்டால் கணக்குக் குழம்பிவிடும்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது வலை. பெருவலையை ஏரியின் குறுக்கே இழுத்துவந்தால், வலை நெருங்கும்போது புல் கெண்டை மிதப்புக் கயிற்றுக்கு மேலே தாவிக் குதித்து அந்தப் பக்கம் போய்விடும். பத்துக் கிலோ மீன் முகத்துக்கு நேரே பாய்ந்து வருவது வலை இழுப்பவருக்கும் ஆபத்து. தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி மீனை மயக்கும் படகுகளாலும் அதிகப் பயனில்லை. மின்புலத்தின் ஓரத்தை உணர்ந்ததுமே விலகிவிடுகிறது. பல மாநிலங்களில் இரவில் விளக்கு கட்டிய படகிலிருந்து கயிறு கோத்த அம்பால் எய்கிறார்கள். நீருக்குள் இருக்கும் மீன் ஒளிவிலகலால் உண்மையான ஆழத்தின் முக்கால் பங்கிலேயே தெரியும் என்பதால், தெரிகிற இடத்துக்குக் கீழே குறிவைக்க வேண்டும். தேர்ந்த கை வேண்டும். தவறினால் காயத்தோடு தப்பும் மீன் மற்றவற்றையும் கலைத்துவிடும்.

ரோட்டினோன் என்ற தாவர நஞ்சு கலந்த உருண்டைகளும் உண்டு. சில நாள் நஞ்சில்லாத உருண்டையைப் போட்டுப் பழக்கி, பிறகு நஞ்சுள்ளதைப் போடுவார்கள். உரிமம் பெற்றவர் மட்டுமே செய்யலாம். செல்லுக்குள் ஆற்றல் உண்டாகும் பாதையை அடைக்கும் நஞ்சு அது. அந்த உருண்டையை வேறு மீன் தின்றால் அதுவும் சாகும். சிறிய ஏரிக்கு இது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. பழக்கப்படுத்துதல் என்ற பாதி வேலையைச் செய்தபிறகு, மீதிப் பாதியைத் தூண்டிலே முடிக்கும்.

தூண்டில் போடுபவர் முதலில் அறிய வேண்டியது இந்த மீனின் காது. கெண்டைக் குடும்பத்து மீன்களின் காற்றுப்பையையும் உள்காதையும் நான்கு ஜோடிச் சிறு எலும்புகள் இணைக்கின்றன. ஜெர்மானிய உடற்கூறியலாளர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் வேபர் 1820-இல் விவரித்தவை, இன்றும் அவர் பெயரில் அழைக்கப்படுபவை. ஒலி அலை பட்டதும் காற்றுப்பை அதிரும், அதிர்வை இந்த எலும்புகள் காதுக்குக் கடத்தும். பெரும்பாலான மீன்களைவிட இவற்றுக்குக் கேட்கும் திறன் அதிகம். ஆனால் கரையில் நின்று பேசினால் பிரச்சினை இல்லை. காற்றிலிருந்து நீரைத் தொடும் ஒலியாற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ளே நுழைகிறது; மற்றதெல்லாம் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். காலடி அப்படியில்லை. மண்ணில் விழும் அதிர்வு நேராக நீருக்குள் இறங்கும். பலகைத் துறையில் செருப்போடு நடந்தாலோ, வாளியை 'டொப்' என்று வைத்தாலோ அன்றைய மீன்பிடி முடிந்தது.

அடுத்து கண். நீருக்கடியிலிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் 97 பாகை விரிவுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரியும். அடிவானத்தை ஒட்டியவை அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கி மங்கலாகிவிடும். கரையோரத்தில் நிமிர்ந்து நிற்பவர் தெளிவாகத் தெரிவார். பத்தடி பின்னால் குந்தியிருப்பவர் விளிம்போடு கரைந்துபோவார். அனுபவமுள்ளவர்கள் மண்டியிட்டுப் பிடிப்பதற்கு இதுதான் இயற்பியல் காரணம்.

மூன்றாவது நினைவு. நெதர்லாந்தின் ஆய்வாளர் பெய்கெமா 1970-இல் வெளியிட்ட சோதனைகள் புல் கெண்டையின் உறவான சாதாக் கெண்டையில் நடந்தவை. குளத்தில் தூண்டிலில் ஒருமுறை பிடித்து விடப்பட்ட கெண்டை, பிடிபடாததைவிட மறுபடி சிக்குவது மிகவும் குறைவாக இருந்தது. ஒரே பாடம் போதுமாக இருந்தது. அதன் விளைவு மாதக்கணக்கில் நீடித்தது. தனியார் ஏரிக்கு இதன் பொருள் கடுமையானது. புதிய மீன் வெளியிலிருந்து வராது, குஞ்சும் பிறக்காது. பாதி இழுத்து அறுத்துக்கொண்டு போன ஒவ்வொரு மீனும் அந்த ஏரியில் இனி எச்சரிக்கையோடு வாழப்போகும் மீன்.

இவற்றோடு ஒரு வேதியியலும் சேர்கிறது. தேனீக்களின் நடனத்தைப் புரிந்துகொண்டு 1973-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷ், அதற்கு முன்பே 1930-களில் மீன்களில் ஒன்றைக் கவனித்தார். கெண்டைக் குடும்பத்துச் சிறு மீன் ஒன்றின் தோல் காயப்பட்டால், தோலின் சிறப்புச் செல்கள் உடைந்து ஒரு பொருள் நீரில் கலக்கிறது. அதை முகர்ந்த கூட்டம் முழுவதும் கலைந்து ஒளிந்துகொள்கிறது. ஒரு மீனைக் கரையேற்றியபின் மற்றவை மணிக்கணக்கில் அந்தப் பக்கமே வராமலிருப்பதற்கு, அது போட்ட சத்தத்தோடு இதுவும் காரணமாக இருக்கக்கூடும். ஆகவே ஒரே இடத்தில் ஒரே நாளில் பல மீன் என்று ஆசைப்படக் கூடாது. ஒன்று கிடைத்தால் அடுத்த கரைக்குப் போவது நல்லது.

இவ்வளவு தற்காப்பையும் தாண்டுவது பசி ஒன்றுதான். அதுவும் எல்லாக் காலத்திலும் இல்லை. நீரின் வெப்பம் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் இந்த மீன் ஏறக்குறைய வாயைக் கட்டிக்கொள்கிறது. 20-ஐத் தாண்டியபின்தான் மும்முரமாகத் தின்னும். டெக்சஸில் கோடைதான் காலம். ஏரியில் செடி ஏராளமாக இருந்தால் நாம் போடும் எதையும் திரும்பிப் பார்க்காது. செடி தீர்ந்த ஏரியில் நிலைமை தலைகீழ். மீனை வெளியேற்றும் தேவை எங்கே அதிகமோ, அங்கேதான் அதைப் பிடிப்பதும் எளிது.

சீனத்திலும் நம் பக்கத்துப் பண்ணைகளிலும் மூங்கிலால் ஒரு மிதக்கும் சட்டம் கட்டி, அதற்குள் நேப்பியர் புல்லைப் போடுவார்கள். புல் ஏரி முழுக்கச் சிதறாது, மீனும் இடத்தைக் கற்றுக்கொள்ளும். பிவிசி குழாயில் செய்த வளையம் எந்த ஏரிக்கும் போதும். மருந்து தெளிக்காத புல்தரையை வெட்டியதும் அந்தப் பசும்புல்லில் இரண்டு கைப்பிடியைத் தினமும் ஒரே நேரத்தில் வளையத்துக்குள் போட வேண்டும். அளவு கூடக் கூடாது. தின்னாத புல் அழுகினால் ஆக்சிஜன் குறைந்து எல்லா மீனுக்கும் கேடு. ஒரு வாரம் வரை தூண்டிலே வேண்டாம். முதல் நாட்களில் புல் அப்படியே கிடக்கும். பிறகு ஒரு மாலை, வளையத்தின் கீழே நிழல் அசையும். ஒற்றைப் புல்லின் நுனி மெல்லக் கீழே இழுபடும், விடுபடும், மறுபடி இழுபடும். வெளிறிய தடித்த உதடு நீர்ப்பரப்பைத் தொட்டு ஒரு வளையம் எழுப்பி மறையும். உதட்டால் தொட்டுப் பார்த்துச் சந்தேகப்பட்டதைத் துப்பும் பழக்கம் அதற்கு உண்டு. அந்தச் சோதனை நின்று, புல் நேராக உள்ளே போகத் தொடங்கும் நாள்தான் தூண்டில் போடும் நாள்.

தென்மாநிலங்களில் இதை இயற்கையே செய்துவைக்கும் இடங்களும் உண்டு. வசந்தத்தின் இறுதியில் நீர்மேல் கிளை நீட்டிய மல்பெரி மரங்களிலிருந்து பழம் உதிரும்போது, ஒவ்வொரு 'பொட்' சத்தத்துக்கும் புல் கெண்டை திரும்பி வரும். எந்த மரத்தடியில் நிற்பது என்று தெரிந்தவருக்கு அந்தச் சில வாரங்கள் போதும்.

இரையாக ரொட்டித் துண்டு, வேகவைத்த மக்காச்சோளம், செர்ரித் தக்காளி எல்லாம் எடுபடும். சிறிய, கூர்மையான முள். தாடையில் பல் இல்லாததால் நரம்பைக் கடித்து அறுக்காது, கம்பி தேவையில்லை. எடைக்குண்டு வேண்டவே வேண்டாம், உதடு கனத்தை உணர்ந்ததும் துப்பிவிடும். முள் தைத்த புல் கெண்டை பெரும்பாலும் அடங்கி, இழுத்த இழுப்புக்கு வரும். கைவலையைக் கண்டதும்தான் அதன் உண்மையான பலம் தெரியும். மெதுவாக நீந்த உதவும் சிவப்புத் தசை உடலின் பக்கவாட்டில் மெல்லிய பட்டையாக இருக்கிறது. மீதி முழுவதும் திடீர்ப் பாய்ச்சலுக்கான வெள்ளைத் தசை. கைவலை விளிம்பில் அந்த வெள்ளைத் தசை ஒரேயடியாக இயங்கும். நரம்பை இறுக்கி வைத்தவர்கள் அந்த நொடியில் மீனை இழப்பார்கள். ஆக்சிஜன் இல்லாமல் ஓடும் அந்தத் தசையில் லாக்டிக் அமிலம் வேகமாகச் சேரும். வெதுவெதுப்பான கோடை நீரில் அதிக நேரம் போராடிய புல் கெண்டை, திரும்ப விட்டாலும் பிழைப்பது நிச்சயமில்லை. எடுக்கத்தான் போகிறோம் என்றால் உடனே கொன்றுவிடுவதே அந்த உயிருக்குச் செய்யும் மரியாதை. வெண்மையான, கனமான சதை. தசைக்குள் கவட்டை முட்கள் நிறைய. முள் பார்த்துச் சாப்பிடத் தெரிந்தவர்களுக்குக் குழம்புக்கு அருமையான மீன்.

உயிரோடு வேறு நீர்நிலைக்குக் கொண்டுபோவது மட்டும் கூடவே கூடாது. மலடாக்கப்படாத மீன்களும் அமெரிக்க ஆறுகளில் இருக்கின்றன. ஈரி ஏரியில் கலக்கும் சான்டஸ்கி ஆற்றில் 2015-இல் புல் கெண்டையின் முட்டைகளே கிடைத்தன. பேரேரிகளின் செடிப் பரப்பைக் காக்க இன்று அங்கே குழுக்கள் அவற்றைத் தேடிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எங்கே பிடித்த மீன், எங்கே கணக்கில் இருந்த மீன் என்பது தெளிவாக இருக்க வேண்டும். பொது ஏரிகளில் சில மாநிலங்கள் பிடித்த புல் கெண்டையை உடனே திரும்ப விடச் சொல்கின்றன. தனியார் ஏரியில் முடிவு உரிமையாளருடையது, அதுவும் அனுமதியின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு.

எத்தனையை எடுப்பது என்பதில் ஒரு நிதானம் வேண்டும். ஹைட்ரில்லாவின் கிழங்குகள் சேற்றுக்குள் நான்கு ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு உறங்கக் கூடியவை. எல்லா மீனையும் ஒரே கோடையில் எடுத்துவிட்டால் அடுத்த வசந்தத்தில் அவை முளைத்து ஏரியை மறுபடி மூடிவிடும். கால் பங்கை எடுத்துவிட்டு ஒரு பருவம் பொறுத்திருந்து, கரையோர ஆழமற்ற பகுதியில் என்ன முளைக்கிறது என்று பார்ப்பதே சரியான வேகம். நாணலும் உள்ளூர்ச் செடிகளும் தலைகாட்டினால் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம். முளைப்பது ஹைட்ரில்லாவாக இருந்தால், மிச்சமிருக்கும் மீன்களை அப்படியே மேயவிட வேண்டியதுதான்.